சுருக்கம் நீக்கும் ஊசியை யாரிடம் கற்பது?

அமெரிக்காவில் தோல் நோய் மருத்துவத்திலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையிலும் பட்டப்பின் பயிற்சி பெறும் வைத்தியர்களுக்கு, முகச் சுருக்கம் நீக்கும் ஊசிகளை ஏற்றக் கற்பிப்பது தகுமா என்று கேட்போர் உளர். தோல் புற்றுநோயைக் கண்டறியக் கற்க வேண்டியவர், அதுவும் மெடிகெயார் என்னும் பொதுநிதி பெரும்பங்கு சுமக்கும் பயிற்சியில், அழகுக்கலை கற்பதா என்பது அவர்களின் வாதம்.

நியாயம் போலத் தோன்றும் இவ்வாதம் ஒரு கேள்வியை விழுங்கிவிடுகிறது. அங்கே கற்காதவர் பின்னர் எங்கே கற்பார்?

மருந்தை விற்கும் கம்பனியின் ஆதரவில் நடக்கும் வார இறுதிப் பட்டறையில் கற்பார். அல்லது பணம் கொடுத்து வருபவரின் முகத்திலேயே கற்பார். விற்பவனே ஆசானாகும் இடத்தில், "உங்களுக்கு இந்த ஊசி வேண்டாம்" என்று சொல்லும் பாடம் நடக்குமா?

இது விளையாட்டுப் பொருளன்று. பொட்டுலினம் நஞ்சைச் சிகிச்சைக்கு உகந்ததாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட். 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதிக்கப்பட்ட அம்மருந்து, 2002இல் புருவங்களிடைச் சுருக்கத்துக்கும் அனுமதி பெற்றது. ஏற்றிய இடத்தைவிட்டு அது பரவக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையை 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டாயமாக்கியது.

குழிகளை நிரப்பும் ஊசிகளோ இன்னும் அபாயமானவை. மருந்து தவறுதலாக நாடிக்குள் புகுந்தால் தோல் அழுகும்; கண்ணுக்குச் செல்லும் குருதி தடைப்பட்டால் பார்வையே பறிபோகும். ஹையலூரோனிக் அமில நிரப்பியைக் கரைக்கும் ஹையலூரோனிடேஸ் உண்டு. ஆயினும் ஆபத்தை உடனே இனங்காணும் கண் இல்லாதவரிடம் அது இருந்தென்ன பயன்?

பிரித்தானியாவைப் பாருங்கள். சத்திரசிகிச்சையற்ற அழகுச் சிகிச்சை பெறுபவருக்கு, பேனா வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்புக்கு மேல் எதுவுமில்லை என 2013இல் சேர் புரூஸ் கியோவின் மீளாய்வே கூறியது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு அழகுக்காக இவ்வூசிகளை ஏற்றுவதை இங்கிலாந்து தடைசெய்தது 2021இல்தான்.

ஆகவே, கற்பியுங்கள். ஆனால் நிபந்தனைகளோடு கற்பியுங்கள். பயிற்சி வைத்தியரின் அருகில் அனுபவசாலி நிற்க வேண்டும். குறைந்த கட்டணத்துக்கு வருபவரிடம் ஊசி ஏற்றப்போவது யார் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கம்பனியின் இலவச மருந்துக்குப் பாடத்திட்டத்தை விற்கலாகாது. புற்றுநோய்க்கும் தீக்காயத்துக்கும் உரிய நேரத்தில் ஒரு மணித்தியாலத்தையும் இது தின்னலாகாது.

அழகு தேடி வருபவரின் ஆசையைக் கேலி செய்வது எளிது. ஆயினும் வைத்தியரின் கையை நம்பி முகத்தைக் கொடுத்தவரும் நோயாளியே. அந்தக் கையைப் பழக்கும் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட்டு, மருத்துவக் கல்வி தன் தூய்மையைப் பேசிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு.