இரவல் தலைக்கவசம்

யாழ்ப்பாணத்து அன்னையார் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்துள்ளார். அவர்தம் மைந்தன் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே தொழில் பார்க்கின்றான். சென்ற ஆண்டு கார் ஒன்று வாங்கினான். இப்பொழுது தோழரோடு கூடிக் கையூகா என்னுமிடத்திலுள்ள பந்தயத் திடலுக்குச் சென்று, தன் காரை ஓட்டிப் பார்க்க விழைகின்றான். நண்பன் ஒருவனின் பழைய மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை இரவலாகப் பெற்றுள்ளானாம். “அதனை அணிந்தாற் போதுமா, ஐயா? வேறு என்னென்ன வேண்டும்? தடுத்தாற் கேட்கமாட்டான், ஆகவே தடுப்பதற்கு வழி கேட்கவில்லை” என்று எழுதுகின்றார் அன்னையார். அவருடைய தெளிவை நாம் மெச்சுகின்றோம். வேறு பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாதலின் விடையை இப்பகுதியிலேயே தருகின்றோம்.

முதற்கண் இப்பந்தயம் எத்தகையது என அறிதல் வேண்டும். ‘டிராக்’ பந்தயம் என்பது வளைவு நெளிவு இல்லாத நேர்ப்பாதையில் நிகழ்வது. இரண்டு கார்கள் அருகருகே அசையாது நிற்கும். நிறவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து பச்சை தோன்றியதும் பாயும். கால் மைல், அதாவது 402 மீற்றர், கடந்ததும் பந்தயம் முடிந்துவிடும். சில திடல்களில் இதில் அரைவாசித் தூரமே உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே, வறண்ட ஏரிப்படுகைகளிலும், ஊர் உறங்கிய பின்னர்த் தெருக்களிலும் இளைஞர் ஓட்டிய ஓட்டமே இதன் தோற்றுவாய். தெருவிலே ஓடுவோரைத் திடலுக்கு அழைத்து, விதிகளுக்குள் அடக்கும் நோக்கத்துடன், ‘ஹொட் ரொட்’ என்னும் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் என்பார் 1951ஆம் ஆண்டில் ‘நாஷனல் ஹொட் ரொட் அசோசியேஷன்’ என்ற சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955இல் கன்சாஸ் மாநிலத்திலே கிரேட் பெண்ட் என்னும் ஊரில் நடைபெற்றது. மைந்தன் தெருவில் ஓடாமல் திடலுக்குச் செல்ல நினைப்பது நல்லதென்றே நாம் கருதுகின்றோம். தெருவிலே குறுக்கே வரும் சிறுவனுக்கு எந்தத் தலைக்கவசமும் இல்லையன்றோ?

அச்சங்கத்தின் விதிப்படி, கால் மைலை 13.99 செக்கனிலோ அதற்கும் விரைவாகவோ கடக்கும் கார்களில் தலைக்கவசம் கட்டாயமானது. அதனினும் மெதுவான காருக்குக் கட்டாயமில்லை. இதனைக் கேட்டு, “என் கார் பதினான்கு செக்கனுக்கு மேல் எடுக்கும்; எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் இளைஞரும் உளர். பதினான்கு செக்கனில் ஓடும் கார் முடிவுக்கோட்டைக் கடக்கும்போது ஏறத்தாழ மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டியிருக்கும் என்பதை அவர் நினைப்பதில்லை. விதி எவ்வாறாயினும் அணிவதே அறிவு. ஒவ்வொரு திடலுக்கும் தனி விதிகளும் உண்டு. புறப்படுமுன் அவற்றைக் கேட்டறிய வேண்டும்.

இனித் தலைக்கவசம் செய்யும் வேலை யாது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குவோம். பௌதிகம் படிக்கும் மாணவர் எழுதுகோலைக் கையில் எடுக்கலாம். தலை ஒன்று செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் உருக்குக் கம்பியொன்றில் மோதுகின்றது என்க. ஆறடி உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும் வேகம் அவ்வளவே. வெறுந்தலையாயின் அது 3 மில்லிமீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடும் என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, நிற்கும் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால், புவியீர்ப்பின் 600 மடங்குக்கு மேற்பட்ட அமர்முடுகல் கிடைக்கும். அதே தலை 3 சென்ரிமீற்றர் தூரத்தில் நிற்குமாயின் அது பத்திலொன்றாகக் குறையும். அந்த 3 சென்ரிமீற்றரை வாங்குவதற்கே நாம் பணம் கொடுக்கின்றோம். கவசத்தின் வெளியோடு, கண்ணாடி நாராலோ கரிநாராலோ ஆனது, அடியைப் பரப்புகின்றது. உள்ளேயிருக்கும் வெண்ணிறப் படை, நம் நாட்டில் மீன்பெட்டி செய்யும் ரெஜிபோம் இனத்தைச் சேர்ந்தது, நசுங்கித் தன்னை அழித்துக்கொண்டு தலையைக் காக்கின்றது. ஒருமுறை நசுங்கிய படை மீண்டும் எழாது. வெளியோட்டிலே கீறல்கூட இல்லாமல் உட்படை நசுங்கியிருக்கக் கூடும். ஆகவே பிறர் பாவித்த கவசத்தின் வரலாறு நமக்குத் தெரியாதவரை அதனை நம்புதல் கூடாது. அன்னையாரின் முதல் வினாவுக்கு விடையின் ஒரு பாதி இதுவே.

மறுபாதியைச் சொல்லுமுன் ஒரு பழைய செய்தி. அரேபியாவில் புகழ்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ் 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் மோட்டார் சைக்கிள் விபத்திலே தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவரைப் பார்த்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர், பின்னர்ப் போர்க்காலத்தில் இராணுவச் செய்தியாளரின் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். ஆயினும் கவசம் என்ற பெயரில் விற்பதெல்லாம் கவசமாகிவிடாது. 1956இல் பீற் ஸ்நெல் என்னும் அமெரிக்கப் பந்தய வீரர், கவசம் அணிந்திருந்தும், அது காக்கத் தவறியமையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டில் அவர் நினைவாக நிறுவப்பெற்றதே ஸ்நெல் நிறுவனம். கவசங்களை வாங்கி, கனத்த இரும்பின்மேல் போட்டு மோதிச் சோதித்துத் தேறியவற்றுக்கு முத்திரை வழங்குவது அதன் பணி.

அந்த முத்திரையிலேதான் நம் விடையின் மறுபாதி உள்ளது. ‘எம்’ என்னும் எழுத்துள்ளவை மோட்டார் சைக்கிளுக்கு உரியவை, ‘எஸ்.ஏ.’ என்பவை கார்ப் பந்தயத்துக்கு உரியவை. எழுத்தைத் தொடர்ந்து 2015, 2020, 2025 என விதிமுறையின் ஆண்டும் இருக்கும். காருக்குள்ளே தலை மோதக்கூடியது வீதியில் அன்று. உருளும் காரைத் தாங்குவதற்காகப் பொருத்திய உருக்குக் கம்பியில். ஆகவே எஸ்.ஏ. கவசத்தை அத்தகைய கம்பி வடிவத்திலும் மோதிப் பார்ப்பர். இன்னும் முக்கியமானது தீ. எஸ்.ஏ. கவசத்தின் ஓடும் உட்துணியும் தீச்சோதனையில் தேற வேண்டும். மோட்டார் சைக்கிள் கவசத்துக்கு அச்சோதனை இல்லை. மெதுவான வகுப்புகளில் எம் முத்திரையை ஏற்கும் திடல்கள் உண்டு. ஏற்பது வேறு, ஏற்றது வேறு. முத்திரை பெரும்பாலும் உட்துணியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். துணியை விலக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். ஐந்து ஆண்டு பாவித்ததும் மாற்றிவிடுமாறு ஸ்நெல் நிறுவனம் கூறுகின்றது. ஆகவே அன்னையாரே, அந்த இரவற் கவசத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுக்குமாறு மைந்தனுக்கு எழுதுங்கள்.

புதியது வாங்குங்கால் விலையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஒரே முத்திரை பெற்ற இரண்டும் ஒரே சோதனையில் தேறியவையே. கூடிய விலைக்குப் பாரம் குறையும், காற்றோட்டம் கூடும், பூச்சு மினுங்கும். பொருத்தமோ விலையால் வருவதன்று. தையற்காரரின் நாடாவால், புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, தலையைச் சுற்றி அளந்து அளவைத் தெரிக. அணிந்தபின் கவசத்தை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பினால் நெற்றித் தோலும் கன்னமும் கூடவே அசைய வேண்டும். கவசம் தனியே சுழன்றால் அது பெரிது. நாடிப்பட்டியை இறுக்கிவிட்டு, பின்புறத்து விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளிப் பார்க்க. கழன்று வருமாயின் கடையிலேயே விட்டுவிடுக. கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் அரைமணி நேரம் அணிந்திருந்து, கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சிவந்த தடம் இருப்பின் அக்கவசத்தின் வடிவம் அத்தலைக்கு ஒவ்வாது. மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனோடும் அணிந்து பார்க்க. கொண்டையின்மேல் கவசம் அமராது. பெண்கள் கூந்தலைத் தாழப் பின்னி உடைக்குள்ளே மறைத்துவிட வேண்டும். பெண்களுக்கு இது ஏன் என்று எவரேனும் முறுவலித்தால், 1977, 1980, 1982 ஆகிய ஆண்டுகளில் இப்பந்தயத்தின் அதிவேக வகுப்பிலே வாகைசூடிய ஷேர்லி முல்டௌனி என்னும் பெண்மணியைப் பற்றித் தேடிப் படிக்கட்டும்.

உடையைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். சாதாரணக் காரை ஓட்டுபவனும் முழுநீளக் காற்சட்டை, உடலை மறைக்கும் சேட், விரல்களை மூடிய சப்பாத்து ஆகியவற்றுடன் வர வேண்டும். அரைக்காற்சட்டையும் செருப்பும் அணிந்து காரில் ஏற அனுமதியில்லை. நைலோன், பொலியெஸ்தர் துணிகள் வேண்டாம். அவை எரிவதோடு நில்லாது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தியே நன்று. கார் விரைவாக ஆக ஆகத் தீக்காப்பு உடை கட்டாயமாகும். 1960களில் டூபொண்ட் நிறுவனம் ஆக்கிய நோமெக்ஸ் என்னும் நார் உருகாது, கரிந்து தடித்து வெப்பத்தைத் தடுக்கின்றது. எஸ்.எப்.ஐ. என்னும் அமைப்பின் அளவைப்படி, ஒன்றாந்தர உடை கொப்புளமிடும் தீக்காயத்தை 3 செக்கன் தாமதப்படுத்தும். ஐந்தாந்தரம் 10 செக்கன். இருபதாந்தரம் 40 செக்கன். மூன்று செக்கன் என்பது ஆசனப்பட்டியைக் கழற்றவும் போதாது. சாதாரணப் பெற்றோற் காருக்கு அது தொடக்கம். மெதனோல் எரிக்கும் கார்களை நெருங்குவோர்க்கு, அதன் சுவாலை பகலொளியில் கண்ணுக்குத் தெரிவது அரிது என்பதையும் சொல்லிவைக்கின்றோம். எண்ணெய் படிந்த தீக்காப்பு உடை திரியாகிவிடும். காரின் அடியிற் படுத்து வேலைசெய்யும்போது அதனை அணிதல் கூடாது.

எல்லா ஆபத்தையும் கவசமும் உடையும் தடுப்பதில்லை. 1970இல் கலிபோர்னியாவின் லோங் பீச்சிலே டொன் கார்லிற்ஸ் என்னும் முதன்மை வீரரின் காரில், புறப்பட்ட மாத்திரத்தே பற்சக்கரப் பெட்டி வெடித்து, அவரது வலப்பாதத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. எந்தச் சப்பாத்தும் அதைத் தடுத்திராது. மருத்துவமனையிற் கிடந்தவர் காரின் அமைப்பையே மாற்றத் துணிந்து, எஞ்சினைச் சாரதியின் முதுகுப்புறத்தில் வைத்து, மறு ஆண்டிலேயே வென்று காட்டினார். அவ்வகுப்புக் கார்கள் யாவும் பின்னர் அவ்வழியையே பின்பற்றின. மைந்தனின் காருக்கு இது பொருந்தாதாயினும், ஓடுமுன் சில்லுகளின் சுரைகளை இறுக்குதல், எண்ணெய் கசிகின்றதா என நோக்குதல், பற்றறி அசையாது கட்டுதல் ஆகியவை கவசம் வாங்குவதற்கு முன்னர்ச் செய்ய வேண்டியவை. செலவும் இல்லை.

பல புள்ளிப் பந்தயப் பட்டி பூட்டிய காருக்கு அவன் மாறும் நாளில், கழுத்துக்காப்பும் வேண்டும். உடல் பட்டியால் இறுகி நிற்க, கவசமணிந்த தலை மட்டும் முன்னே வீசப்படுவதால் மண்டையோட்டின் அடி முறிதல் உண்டு. ரொபேட் ஹபார்ட் என்னும் பேராசிரியர் 1980களில் ஆக்கிய ‘ஹான்ஸ்’ என்னும் தோட்பூட்டு தலையைக் கட்டுப்படுத்துகின்றது. அதை மாட்டும் துளைகள் கவசத்திலே இருத்தல் வேண்டுமாதலால், இப்பொழுது வாங்கும் எஸ்.ஏ. கவசத்திலேயே அவை உள்ளனவா என்று பார்த்து வாங்கினால் பின்னர் இரட்டைச் செலவு நேராது. அத்தகைய பட்டிகளில் தைத்த நாளும் பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரண வகைக்கு ஆயுள் இரண்டு ஆண்டே. பழைய கார் வாங்குவோர் அத்திகதியை முதலிற் படிக்க.