சிறைவாசலுக்கு அப்பால்

1912ஆம் ஆண்டு டிசம்பரில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார். 1908இல் அவர் கைதானபோது திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. விடுதலையானபோது அவரை வரவேற்க அப்படியொரு கூட்டம் இல்லை. வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து சிறு வணிகம் செய்து பார்த்தார், வறுமை விடவில்லை. பல ஆண்டுகள் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

அவர் இழுத்த செக்கை நாம் மறக்கவில்லை. விடுதலைக்குப் பின் அவர் பட்ட பாட்டை ஏறக்குறைய மறந்துவிட்டோம். இந்த மறதி அவர் ஒருவரோடு நிற்பதில்லை. நாம் விரும்பிப் படிக்கும் சிறை இலக்கியமும் பெரும்பாலும் மதில்களுக்குள்ளேயே நிகழ்கிறது. ஜெயகாந்தனின் 'கைவிலங்கு' நம்மைச் சிறைக்குள் அழைத்துச் சென்றது. பஷீரின் 'மதிலுகள்' நாயகன் விடுதலையாகி வெளியே வருவதோடு முடிந்துவிடுகிறது. வாசலைக் கடந்தவன் அன்றிரவு எங்கே தங்கினான், மறுநாள் யாரிடம் வேலை கேட்டான் என்பதை எழுதியவர்கள் சிலரே.

ஆனால் அந்த மறுநாள் ஏராளமானோருக்கு உண்டு. 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள்; அதாவது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். மிகப் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் நம் தெருவுக்குத்தான் திரும்பி வருவார்கள்.

முயற்சிகள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டுச் சிறைத்துறை சிறைவாசிகளைக் கொண்டு பெட்ரோல் நிலையங்களை நடத்துகிறது. 2023 ஆகஸ்டில் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் நிலையம் ஒன்றும் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். எனினும் நம் கேள்வி வேறு. சிறைக்காவலில் இருக்கும்வரை நம் வண்டிக்கு எரிபொருள் நிரப்ப நாம் நம்பிய அதே கைகளுக்கு, தண்டனை முடிந்தபின் நம்மில் எத்தனை பேர் வேலை தருவோம்? எத்தனை பேர் வீடு வாடகைக்குக் கொடுப்போம்? நீதிபதி விதித்த தண்டனைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. நாம் விதிப்பதற்கு அது இல்லை.

சட்டம் இதை அறியாததன்று. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், அதன்கீழ் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்புகள் ஒட்டலாகாது என்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், சில விதிவிலக்குகளுடன், சிறாருக்கும் அந்தப் பாதுகாப்பை வழங்குகிறது. சிறையில் தண்டனையை முழுமையாகக் கழித்துவிட்டு வரும் வயதுவந்தவருக்கு மட்டும் இப்படியொரு பொதுவான பாதுகாப்பு இல்லை. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தண்டனை, பெரும்பாலான வேலைகளைப் பொறுத்தவரை, காலாவதியானதாகக் கருதப்படும். அதை அவர் வெளிப்படுத்த வேண்டியதில்லை. அத்தகைய சட்டம் இங்கும் வேண்டும் என்பதே நம் கருத்து.

பாதிக்கப்பட்டவரின் துயரத்தை இது சிறுமைப்படுத்தாதா என்று கேட்கப்படும். நியாயமான கேள்வி. குழந்தைகளோடு பழகும் பணி போன்றவற்றுக்குப் பிரிட்டன் சட்டமே விலக்கு வைத்திருக்கிறது, நாமும் வைக்கலாம். கொடிய குற்றங்களைத் தனியே பிரிக்கலாம். ஆனால் எல்லா வாசல்களையும் எல்லோருக்கும் எக்காலத்துக்கும் அடைத்துவைப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் எதுவும் கிடைத்துவிடாது. பிழைக்க வழியற்றவனைப் பழைய கூட்டாளிகளிடமே திருப்பி அனுப்புவதில்தான் அது முடியும். அப்போது இன்னொருவர் பாதிக்கப்படுவார்.

வ.உ.சி. நாடறிந்தவர், கற்றவர். அவருக்கே உரிமம் திரும்பக் கிடைக்க ஒரு நல்ல நீதிபதியின் மனம் இரங்க வேண்டியிருந்தது. பெயரறியாத ஒருவர் அப்படி யாருடைய இரக்கத்துக்கும் காத்து நிற்கக்கூடாது. அது அவருக்கு உரிமையாகவே கிடைக்க வேண்டும்.