ஓட்டை வில்லையில் மட்டுமா, அடித்தாளிலுமா?

ரெவின்யூ ஸ்டாம்பை ரசீதிலிருந்து ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் வழக்கத்தை நாம் இனியாவது விட வேண்டும். அஞ்சல்தலையில் பழகிய கை அப்படித்தான் செய்யும். ஆனால் கம்பெனி முத்திரையோ ஊசியால் குத்திய துளையெழுத்தோ உள்ள வில்லையில், நமக்கு வேண்டிய சான்றில் பாதி அது ஒட்டிய அடித்தாளில் இருக்கிறது.

1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவை நம் துறையில் ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துவிட வேண்டும். வில்லையை ஒட்டுகிறவரே, ஒட்டும்போதே, அது மறுபடி பயன்படாதபடி ரத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த வில்லை இருந்தும் இல்லாத கணக்குதான். தன் பெயரையோ இனிஷியலையோ, தன் நிறுவனத்தின் பெயரையோ இனிஷியலையோ அதன்மேல் எழுதித் தேதி போடலாம். பலனுள்ள வேறு எந்த வழியிலும் ரத்து செய்யலாம். புரோநோட்டில் ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்து வாங்குவதன் வேர் இதுதான். 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு அன்று ஓர் அணா. 1927 வரை காசோலைக்கும் வில்லை வேண்டியிருந்தது. பெரிய வர்த்தக நிறுவனத்தின் குமாஸ்தா ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? ரப்பர் முத்திரை அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

துளையெழுத்தின் கதை வேறு. அலுவலக மேசையிலிருந்து ஸ்டாம்பு களவு போகாமல் இருக்க, முழு ஷீட்டாக இருக்கும்போதே கம்பெனியின் இனிஷியலை ஊசிகளால் குத்திவிடுவார்கள். லண்டனில் ஜோசப் ஸ்லோப்பர் இதற்கு 1868-இல் அஞ்சல் துறையின் அனுமதி பெற்றார். ஆக, இது உடைமைக் குறி. ரத்துக் குறி அல்ல. இப்படிக் குத்திய வில்லையையும் ஒட்டிய பிறகு தனியாக ரத்து செய்தாக வேண்டும். ஒரே வில்லையில் துளையும் மையும் சேர்ந்து கிடந்தால் வியப்படைய ஒன்றுமில்லை.

துளையிட்டே ரத்து செய்வதும் உண்டு. உடைமைத் துளையையும் ரத்துத் துளையையும் பிரித்தறிய எளிய வழி, ரசீதைத் திருப்பிப் பார்ப்பது. வில்லையில் மட்டும் துளை என்றால் ஒட்டுமுன் குத்தியது. வில்லையையும் தாளையும் ஒருசேரத் துளைத்திருந்தால் ஒட்டிய பின் குத்தியது, அதாவது ரத்து. ஊறவைத்த வில்லை இதைச் சொல்லாது. தண்ணீர் பட்டால் ஊதா ரப்பர் முத்திரையும் கரைந்து ஓடிவிடும்.

திருப்புட்குழி வீடொன்றின் பரணிலிருந்து இறங்கிய பத்திரக் கட்டில் வந்த ரசீது ஒன்றை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். தலைப்பு கிழிந்துபோயிருக்கிறது. ஓரணா வில்லையில் இரண்டு எழுத்து தெரிகிறது. மூன்றாவது எழுத்து பாதிதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எழுத்தின் துளைகள் ஒரே அளவு, ஒரே வட்டம். அடித்தாளில் ஒரே ஒரு ஓட்டை. அதன் விளிம்பு நைந்து பிசிறடித்திருக்கிறது. அது கட்டைக் கோத்த நூல் போன வழி. ஓரத்தில் கோணல்மாணலாக ஓடுவது பூச்சி அரித்தது. இம்மூன்றையும் குழப்பிக்கொண்டால் இல்லாத எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

கோர்ட் ஃபீ ஸ்டாம்பின் பெரிய ஓட்டையைத் துளையெழுத்தோடு சேர்க்கவே கூடாது. 1870-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி தலை உருவத்தைக் குத்தி எடுப்பார்கள். தொகையைத் தொட மாட்டார்கள். குத்தி எடுத்த துண்டை எரிக்கவோ வேறு வகையில் அழிக்கவோ வேண்டும்.

இனி, எழுத்து யாருடையது என்று சொல்வது. இங்கேதான் அவசரம் அதிகம். பின்னியும் பெஸ்டும் மதராஸில் பெயர்பெற்ற நிறுவனங்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. அந்த எழுத்தையும் ‘அண்ட் கோ’வையும் மட்டும் வைத்துப் பெயர் சூட்டுவது ஊகம். சில ஊசிகள் முறிந்தால் ‘ஈ’ ‘எஃப்’ ஆகிவிடும், ‘ஓ’ ‘சி’ ஆகிவிடும். ஷீட்டை மடித்துக் குத்தியிருந்தால் எழுத்து தலைகீழாகவோ இடம் வலம் மாறியோ விழும்.

நிறுவனத்தின் ஆயுள் ஒரு நல்ல வேலி. மதராஸ் வங்கி 1843 முதல் 1921 வரை. பிறகு இம்பீரியல் வங்கி. தென்னிந்திய ரயில்வேயின் பெயர் 1874 முதல் 1951 வரை. ஆர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் நொடித்தது. வில்லையின் வெளியீட்டு ஆண்டு இந்த வேலிக்குள் வராவிட்டால் நம் வாசிப்பை மறுபடி பார்க்க வேண்டும். இன்னொன்று: முத்திரை காட்டுவது ஒட்டியவரை, ஆவணம் எழுதியவராக அவர் இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் எழுதிய பில்லுக்கு 19-ஆம் பிரிவின்படி இந்தியாவில் அதை முதலில் கையில் பெற்றவர்தான் ஒட்டி ரத்து செய்ய வேண்டும். அதில் ஒரு வங்கியின் பெயர் இருப்பதால் பில் அந்த வங்கியுடையது ஆகிவிடாது.

துளையிட்ட வில்லையைப் பழுதென்று ஒதுக்கிய காலம் இருந்தது. அன்று போனவை திரும்பா. இருப்பதையாவது முழு ரசீதோடு வைத்துக்கொள்வோம்.

இதழுக்கு அனுப்புவோர் முன்பக்கம், பின்பக்கம், வெளிச்சத்துக்கு எதிரே ஒன்று என மூன்று படங்கள் அனுப்புங்கள். எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரிலும், எழுத்து வாரியாகத் துளைகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். முறிந்த ஊசிக்கு உரிய இடத்தைக் காலியாகவே காட்டுங்கள். நீங்களே நிரப்ப வேண்டாம். ஏற்கெனவே பிரித்துவிட்ட வில்லையானால் பதிவேட்டில் ‘அடித்தாள் இல்லை’ என்று எழுதிவிடுங்கள். அதை உடைமைக் குறி, ரத்துக் குறி இரண்டிலும் சேர்க்காமல் தனிப் பட்டியலில் வெளியிடுவோம்.