எரிவாயு ஆலைக்கு இடம் குறிப்பது யார்?

கோழி எருவை மட்டும் கலனில் கொட்டினால் எரிவாயு ஒழுங்காக வராது என்பது நாமக்கல் பண்ணைக்காரர்கள் பலருக்கும் தெரியும். அந்த எருவில் தழைச்சத்து அதிகம். கலனுக்குள் அது அம்மோனியாவாக மாறி, எரிவாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களையே முடக்கிப்போடும். மாவுச்சத்துள்ள கழிவைச் சேர்த்து, தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவது ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர். மரவள்ளிச் சக்கையான திப்பி உலர்ந்ததும் மாட்டுத் தீவனமாக விலைபோகிறது. இந்தத் தண்ணீரைத்தான் கேட்பாரில்லை. வசதியுள்ள ஆலைகள் மட்டும் இதிலிருந்து சொந்தமாக எரிவாயு எடுக்கின்றன. பொது ஆலை தேவைப்படுவது கையில் முதல் இல்லாத சிறிய ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும்.

அதை எங்கே வைப்பது? 5,000 ஆலைகள் என்ற இலக்குடன் 2018இல் மத்திய அரசு தொடங்கிய 'சதத்' திட்டத்தில், எரிவாயுவை வாங்கிக்கொள்வது எண்ணெய் நிறுவனம். இடம் பார்ப்பது முதலீட்டாளர். அவர் விலை மலிந்த நிலத்தைத் தேடிப் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. இலக்கு எட்டாமல் போனதற்குக் காரணங்கள் பல. இடத்தேர்வை யாரும் பொதுக்காரியமாக எடுத்துக்கொள்ளாதது அவற்றில் ஒன்று என்பது நம் கருத்து.

கழிவுநீரைக் குழாயில் கொண்டுவரலாம். தினமும் லாரியில் சுமப்பது கட்டுபடியாகாது. நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர்தான், அதற்காகத் தண்ணீர் சுமக்க டீசலை எரிப்பதா? ஆகவே ஆலை, ஜவ்வரிசி ஆலைகள் நெருங்கியிருக்கும் இடத்துக்கு அருகே அமையட்டும். எரு அங்கே வந்து சேரட்டும்.

எரு வண்டி விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பண்ணை பண்ணையாக நுழைந்து வரும் ஒரே வண்டி வெள்ளைக்கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் எல்லாப் பண்ணைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கேரளத்தில் நோய் என்றதும் இங்கே டயருக்கு மருந்தடிக்கிறோம்; உள்ளூர் வண்டிக்கும் அதே விதி வேண்டும். ஆலை பண்ணைகளை ஒட்டியும் இருக்கக் கூடாது. எருவைப் பண்ணைக்கு வெளியே வைத்தே ஏற்ற வேண்டும்.

அடுத்தது ஸ்லரி. உள்ளே போனதில் சிறு பங்குதான் வாயுவாகிறது, மற்றதெல்லாம் வெளியே வருகிறது. அதை வாங்கிக்கொள்ள வயல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும், மழைக்காலத்தில் தேக்கிவைக்கத் தொட்டியும் வேண்டும். டென்மார்க்கில் விவசாயிகள் கூட்டாக அமைத்த ஆலைகளில் சாணக் கரைசலை எடுத்துவரும் வண்டியிலேயே பதப்பட்ட ஸ்லரி திரும்பிப் போகிறது; வயலோரத்தில் சேமிப்புத் தொட்டிகளும் உண்டு.

ஜவ்வரிசி அரவை ஓயும் மாதங்களில் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மோகனூர் சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் என்னும் கசடைச் சேமித்துவைக்கலாம், ஆனால் கரைக்கத் தண்ணீர் வேண்டுமே? ஸ்லரியைப் பிழிந்து வரும் நீரில் ஒரு பகுதியைத் திரும்ப விடலாம். அதிலும் அம்மோனியா இருப்பதால் அளவு பார்த்துத்தான் விட வேண்டும். எருவையும் குறைக்க வேண்டிவரும். ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடும் என்று கணக்குக் காட்டும் திட்ட அறிக்கையை நம்ப வேண்டாம். நாற்றத்துக்கு அஞ்சும் ஊர்களின் எதிர்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. எரு இறக்கும் குழியைத் திறந்துபோட்டால் அவர்கள் சொல்வதுதான் நடக்கும்.

நகர எரிவாயுவில் உயிரி எரிவாயுவின் பங்கு 2028-29க்குள் 5 சதவீதமாக வேண்டும் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. அவசர அவசரமாக நிலம் வாங்கும் படலம் தொடங்குமுன், மாவட்ட ஆட்சியர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் கால்நடை, வேளாண் துறைகளையும் கூட்டி, ஆலைக்கு உகந்த இடங்களை வரைபடத்தில் குறித்துக் கிராம சபைகளின் முன் வைக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்களும் அந்த இடங்களுக்கு மட்டுமே கொள்முதல் ஒப்பந்தம் தர வேண்டும்.