எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர்

"பழைய படங்களைப் பாருங்கள் சாமி, அவற்றில்தான் பண்பு இருந்தது" என்று நம் பங்கின் மூத்தோர் அடிக்கடி கூறுவர். "அட்டைக் கப்பலையும் மரவாளையும் எவர் பார்ப்பது?" என்று இளையோர் நகைப்பர். இரு சாராரும் பிழைபட எண்ணுகின்றனர் என்பதே நம் துணிபு.

கடந்த கோடையில், மூத்தோரின் வேண்டுகோளுக்கு இணங்கி, பங்கு மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டி 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தைக் காட்டினோம். 2010இல் அதே பெயரில் வந்த படமன்று; பி.ஆர். பந்துலு இயக்கி, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதன்முறையாக இணைந்து நடித்து, 1965 ஜூலையில் வெளிவந்த படம். சிறுவனாய் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்து நாம் கண்ட படம். 2014இல் அது மெருகூட்டப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது, சென்னையில் கூட்டம் அலைமோதியது.

முதுமை அதனை எங்கே தொட்டிருக்கிறது? நம்பியாருடன் நிகழும் வாட்போரில் இன்றும் தளர்ச்சியில்லை. விசுவநாதன்–ராமமூர்த்தி இசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பறவையையும் அலையையும் காட்டி விடுதலை கேட்கும் அந்தப் பாடலை, நகைக்க வந்த இளையோரே முணுமுணுத்துக்கொண்டு சென்றனர். கப்பல் ஆடும் காட்சிகளில் சிறிது செயற்கை தெரிகிறது, அது பெருங்குறையன்று. முதுமை தட்டியிருப்பது படத்தின் தலைப்பில்தான்.

கதை யாவரும் அறிந்ததே. நெய்தல் நாட்டு மருத்துவன் மணிமாறன் கிளர்ச்சியாளருக்குத் துணைநின்ற குற்றத்திற்காக, அவர்களோடு அடிமையாய்த் தீவொன்றுக்கு விற்கப்படுகிறான். இது 1935இல் வந்த 'கேப்டன் பிளட்' என்னும் ஆங்கிலப் படத்தின் சாயல். அப்படத்திற்கு மூலம் ரஃபேல் சபாட்டினி 1922இல் வெளியிட்ட புதினம். அதற்கும் பின்னால் உண்மை வரலாறு நிற்கிறது. 1685இல் மன்மத் கோமகனின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின், நூற்றுக்கணக்கான கைதிகள் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டுப் பத்தாண்டு ஊழியத்திற்கு விற்கப்பட்டனர். காயமுற்றோருக்கு மருந்திட்ட ஹென்றி பிட்மன் என்னும் மருத்துவரும் அவர்களுள் ஒருவர். அவர்களை விற்ற அரசர் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். இதைச் சொல்லாமல் கடந்துபோக நம் மனச்சான்று இடந்தரவில்லை.

அடிமைக் கப்பல் நமக்கு அயலாரின் கற்பனையுமன்று. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் தமிழ் மக்களை டச்சுக்காரர் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றனர். அவர்களுக்கு முன்பே போர்த்துக்கீசியரும் அவ்வணிகத்தில் கை நனைத்திருந்தனர். நெய்தல் நிலத்து மக்கள் உண்மையாகவே விற்கப்பட்டனர், மணிமாறன்தான் வரவில்லை.

படத்தை இகழ்கின்றோம் என எண்ண வேண்டாம். தோழர்கள் விலங்கில் கிடக்கும்வரை தனக்கென ஒரு நல்வாழ்வு வேண்டாம் என்று அம்மருத்துவன் மறுத்து நிற்கும் இடம் இன்றும் நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் அவனோடு விற்கப்பட்ட தோழர்களின் பெயர்கள் யாவை? நாகேஷின் முகம் நினைவிருக்கிறது, மற்றவர்? படம் முடிந்தவுடன் மண்டபத்தில் இதைக் கேட்டோம். ஆறு முறை பார்த்ததாகப் பெருமை பேசியவராலும் கூற இயலவில்லை. தன் பெயரைச் சேர்த்து எண்ண மறுத்தவனின் பெயரை மட்டும் நாம் எண்ணிக்கொண்டோம். விலங்கு ஒடிந்தபின்பும் அவர்கள் வரிசையில் நின்று இன்னொருவரின் முகத்தையே பார்க்கிறார்கள். திரையில் மட்டுமா? மணிமாறனாக நடித்தவர் 1977இலும், அவருடைய நாயகியாக நடித்தவர் 1991இலும் முதலமைச்சர் ஆயினர். 1982இன் சத்துணவுத் திட்டத்தால் பசியாறிய தலைமுறை நாம், நன்றி மறக்கவில்லை. எனினும் நன்றி வேறு, நாட்டையே ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது வேறு.

அன்று படம் பார்க்க, நம் பங்கைச் சேராத ஒரு முதியவரும் வந்திருந்தார், பிள்ளையார்பாளையத்து நெசவாளர். காஞ்சிப் பட்டின் கோர்வைச் சேலையை ஒருவரால் நெய்ய இயலாது என்பதை இவ்வூரார் அறிவர். உடலுக்கும் ஒரு கரைக்கும் நெசவாளர் நாடா ஓட்ட, மறுகரைக்கான நாடாவை ஓட்ட மறுபக்கம் ஒருவர் உட்கார வேண்டும். நெடுங்காலம் அங்கு உட்கார்ந்தது பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். தகப்பன் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை எழ முடியாது. பல வீடுகளில் அது தீரவேயில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபின்பும் தறிக்குழிகளில் இந்நிலை நீடித்தது.

"எட்டு வயசுல என்னை உட்கார வச்சாங்க சாமி. இந்தப் படத்தை அப்பவே பார்த்தேன். அவரு வருவாருன்னு நெசமாவே நெனச்சேன்" என்றார் பெரியவர். எவரும் வரவில்லை. ஆசிரியர்கள், அதிகாரிகள், கூட்டுறவுச் சங்கத்தார், பிள்ளையை இனி அனுப்பமாட்டேன் என்று முதலாளியின் முகத்துக்கு நேரே கூறிய தாய்மார் எனப் பலர் ஆண்டுக்கணக்கில் முயன்ற பின்னரே பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றனர். இவர்களைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. வாட்போர் இல்லையன்றோ?

மூத்தோரை நோக்கி இவ்வளவு பேசும் குருக்களாகிய நாம் மட்டும் தப்பிவிட்டோமா? புதிய பங்குத்தந்தை வந்ததும், "இனி எல்லாம் சாமி பார்த்துக்கொள்வார்" என்று பங்குப் பேரவை கணக்குப் புத்தகத்தை நீட்டுகிறது. நாமும் மாலையை ஏற்றுக் கழுத்தை நிமிர்த்துகிறோம். மாற்றலாகும் நாளில் மக்கள் அழுது ஆயரில்லம் சென்றால், உள்ளூர மகிழ்கிறோம். மோசே கானானுக்குள் நுழையவில்லை. மக்களோ யோர்தானைக் கடந்தனர் என்று மறையுரை ஆற்றுவோரும் நாமே.

அந்தப் பெரியவர் புறப்படுமுன் வாசலில் நின்று, "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு சாமி, இன்னொரு வாட்டி போடுங்க" என்றார். அடுத்த மாதம் மீண்டும் திரையிடுகிறோம். இம்முறை திரை கட்டுவது முதல் மண்டபம் பெருக்குவது வரை யார் யார் செய்வது என்று பேரவையினரே கூடி முடிவு செய்யட்டும். நாம் அன்று அவர்களுக்குப் பின்னால் தரையில் அமர்ந்துகொள்வோம்.