காய்ச்சல் யாருக்கு?

பள்ளிக்கூடத்தில் எழுதிய அந்தக் கடிதம் யாருக்கும் மறந்திருக்காது. 'எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்' என்று தொடங்கி, 'இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும். பதினைந்து வயதோடு விட்டிருக்க வேண்டிய அந்தக் கடிதத்தை நாற்பத்தைந்து வயதிலும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் பலர். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, மாமியாருக்கு எண்டோஸ்கோபி, பிள்ளைக்கு டெங்கு. காய்ச்சல் என்னவோ எழுதுகிறவருக்குத்தான். கடிதம் போய் வாட்ஸ்அப் வந்தது, அலுவலகச் செயலியில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும் என்றும் ஆனது. காய்ச்சல் மட்டும் மாறவில்லை.

இவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லுமுன் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை தருகிறது. அதற்கு மேல் தற்செயல் விடுப்பு 12 நாள், நோய் விடுப்பு 12 நாள். இந்த நோய் விடுப்பு, ஊழியருக்கே வந்த நோய்க்கும் அவருக்கே நேர்ந்த விபத்துக்கும் மட்டும்தான். பெற்ற தாய் ஐ.சி.யூ.வில் கிடந்தாலும் அந்த 12 நாளில் மகன் கை வைக்க முடியாது. உண்மையை எழுதினால் அந்தக் கணக்கில் விடுப்பு இல்லை. காய்ச்சல் என்று எழுதினால் உண்டு.

கணக்குப் போட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம். போக, வர, முறை வரும்வரை காத்திருக்க, முடிந்தபின் தலைசுற்றல் அடங்க என்று சேர்த்தால் ஒரு வேலைநாளில் பெரும்பகுதி போய்விடும். மாதத்துக்கு 12 அல்லது 13 முறை. துணைக்குப் போகும் மகனுக்கு ஆண்டு முழுவதற்கும் கொடுத்த தற்செயல் விடுப்பு ஜனவரியிலேயே தீர்ந்துவிடும். இருக்கிற விடுமுறையையும் போட்டால் பிப்ரவரி ஓடும். மார்ச் முதல் எல்.ஓ.பி., அதாவது சம்பளமில்லா விடுப்பு.

இத்தனைக்கும், மருத்துவமனையில் நோயாளி உட்காருவதற்கு முன்பே வரும் கேள்வி, "கூட யார் வந்திருக்கீங்க?" என்பதுதான். அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் அந்த இன்னொரு ஆளை நம்பித்தான் நடக்கிறது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதும், ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வருவதும், ஸ்ட்ரெச்சருக்கு ஒரு கை கொடுப்பதும், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர் வேலை. துணைக்கு ஆள் இல்லாவிட்டால் மருத்துவமனை கோபித்துக்கொள்கிறது, துணைக்குப் போனால் அலுவலகம் கோபித்துக்கொள்கிறது.

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்று நம் நாட்டில் ஊர் மட்டும் சொல்லவில்லை, சட்டமும் சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மூல வடிவத்தில் அந்தச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சத்துக்கு வழி செய்தது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. தன் பொறுப்பில் இருக்கும் முதியவரை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இத்தனை சொன்ன சட்டத்தில், பார்த்துக்கொள்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு நாள் விடுப்புக்குக் கூட இடமில்லை.

அசாம் அரசு இன்னும் ஒரு படி மேலே போனது. பெற்றோரைக் கவனிக்காத அரசு ஊழியரின் சம்பளத்தில் 10 சதவீதத்தைப் பிடித்து நேரடியாகப் பெற்றோரிடம் கொடுக்க 2017-இல் சட்டம் இயற்றியது. மாற்றுத்திறனாளியான உடன்பிறப்பும் இருந்தால் 15 சதவீதம் வரை. சட்டத்தின் பெயரைச் சுருக்கினால் 'பிரணாம்' என்று வரும். அதே அரசு பின்னர் மறுபக்கத்தையும் யோசித்தது. ஊழியர்கள் பெற்றோருடனும் மாமனார் மாமியாருடனும் நாளைக் கழிக்க 2022 ஜனவரியில் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு கொடுத்தது. 2024 நவம்பர் 6, 8 தேதிகளிலும் கொடுத்தது. சொந்தக் கேளிக்கைக்கு அந்த நாளைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டு நாள் கொஞ்சம்தான். அதையும் அரசு குறித்த தேதியில் எடுக்க வேண்டும். அப்பாவின் பக்கவாதம் தேதி பார்த்து வருவதில்லை. ஆனாலும் கடமையைச் சொன்ன அரசே அதற்கு நாளும் தர வேண்டும் என்ற எண்ணம் அங்கே முளைத்திருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வேறு ஒரு வசதி உண்டு. 2008 முதல் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. பின்னர் அது தனித்து வாழும் தந்தைகளுக்கும் விரிந்தது. முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். குழந்தைக்கு 18 வயது ஆகும்வரைதான். மாற்றுத்திறனாளிக் குழந்தை என்றால் வயது வரம்பு இல்லை. மாநிலங்கள் எல்லாம் இதைப் பின்பற்றவில்லை. ஹிமாசலப் பிரதேச அரசுக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, எலும்பு எளிதில் முறியும் மரபு நோய் உள்ள மகனைப் பார்த்துக்கொள்வதில் தம் விடுப்பு அத்தனையும் தீர்ந்துபோய், உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. 2024 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த மாநில அரசை விதிகளை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பெண்கள் வேலைக்கு வருவது யாரோ தரும் சலுகை அல்ல, அரசியல் சாசனம் சார்ந்த விஷயம் என்றும் சொன்னது.

குழந்தைக்கு 730 நாள். பெற்றோருக்கு? 2025 ஜூலையில் மாநிலங்களவையில் இந்தக் கேள்வி வந்தது. அமைச்சர் ஜிதேந்திர சிங் கொடுத்த பதிலில் மத்திய அரசு ஊழியருக்கான ஒரு பட்டியல் இருந்தது: ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு, 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் தற்செயல் விடுப்பு, 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுமுறை. முதிய பெற்றோரைப் பார்ப்பது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் இவற்றை எடுக்கலாம் என்றார். கூட்டினால் 60 நாள். தனியார் நிறுவன ஊழியருக்கு இது பெருமூச்சு விடவைக்கும் எண். ஆனால் தங்கை கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் உள்ள அதே 60 நாள்தான் அம்மாவின் இடுப்பு எலும்பு முறிவுக்கும்.

இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குக் குடும்பத்தில் தெரிந்த ஒரே ஆள் கைக்குழந்தை. 2017 திருத்தத்தால் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியும் வந்தது. அரும்பாடுபட்டு வந்த உரிமைகள் இவை. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் இப்போது குழந்தைகளை விட முதியவர்களைக் கவனிக்கும் வேலை வேகமாகக் கூடிவருகிறது. 2021 கணிப்பின்படி மாநில மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தை கூட இல்லை. முன்பு நான்கு பிள்ளைகள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டதை இன்று ஒருவர் பார்க்கிறார். அவரும் பெங்களூரில் இருக்கக்கூடும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குள் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் 41 சதவீதம், ஆண்கள் 21.4 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண் அதற்குச் செலவிட்டது நாளைக்கு 140 நிமிடம், ஆண் 74 நிமிடம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிள்ளைகள் என்ற சொல்லுக்குள் மருமகள் வரமாட்டாள். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொடுப்பவள் பெரும்பாலும் அவள்தான்.

சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையில் அமெரிக்க நிறுவனங்களுக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர்களின் அமெரிக்க சகாக்களுக்கு, 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோருக்குக் கடும் நோய் என்றால் 12 வாரம் வரை விடுப்பு எடுக்கும் உரிமை இருக்கிறது. சம்பளம் இல்லை, வேலை போகாது. 50 பேருக்குக் குறைந்த நிறுவனங்களுக்குச் சட்டம் பொருந்தாது. மாமனார் மாமியாரும் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் ஆண்டுக்கு ஒரு வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கேட்கலாம். முதலாளி தள்ளிப்போடலாம், மறுக்க முடியாது.

நாம் உற்றுப் பார்க்க வேண்டியது ஜப்பானை. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவதற்கு அங்கே தனிச் சொல்லே இருக்கிறது, 'கைகோ ரிஷோகு'. ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் அப்படி வேலையை விடுகிறார்கள். அனுபவம் முற்றிய ஆட்கள் இப்படிக் கழன்றுபோவது தனக்கே நஷ்டம் என்று அரசு கணக்குப் பார்த்தது. நோயுற்ற ஒவ்வொரு உறவினருக்காகவும் மொத்தம் 93 நாள் விடுப்பு. மூன்று தவணையாகப் பிரித்து எடுக்கலாம். மாமனார் மாமியாருக்கும் உண்டு. அந்த நாட்களில் சம்பளத்தில் 67 சதவீதம் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து வரும். 93 நாளும் கட்டிலருகே உட்கார்ந்திருப்பது நோக்கமில்லை. வீட்டுக்கு உதவியாள் ஏற்பாடு செய்ய, குளியலறையில் கைப்பிடி வைக்க, நல்ல பராமரிப்பு இல்லம் தேட, பிறகு வேலைக்குத் திரும்ப என்று அதற்குக் கணக்கு. இந்த உரிமையைப் பற்றிப் பலருக்குத் தெரியவில்லை என்பதால், 40 வயதை எட்டும் ஊழியருக்கு முதலாளியே முன்வந்து தகவல் சொல்ல வேண்டும் என்று 2025 ஏப்ரலில் விதி செய்தார்கள். 2000-ஆம் ஆண்டு முதல் நடக்கும் பொதுப் பராமரிப்புக் காப்பீடு பின்னால் நிற்பதால் இது அங்கே சாத்தியமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம்மிடம் அப்படி நிதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களின் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் போகிறது. தொழிலாளி நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஜப்பானின் 93-க்கும் நம் 91-க்கும் எவ்வளவு தூரம்? அவரைச் சார்ந்த தாய்க்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையும் உண்டு. தாயை அங்கே அழைத்துக்கொண்டு போன மகளின் அன்றைய கூலிக்கு மட்டும் வழியில்லை. நோய்க்கால உதவியில் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து நாளைத் துணைக்கு இருப்பவருக்கும் திறந்துவிட்டால், சிறு முதலாளியின் கல்லாவில் கை வைக்காமலே காரியம் நடக்கும். 'எல்லாரும் லீவு போட்டால் கடையை யார் பார்ப்பது?' என்று கேட்கும் கடைக்காரருக்கும் ஓரளவு பதில் இதில் இருக்கிறது. கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் இதுவும் பெரும்பாலும் எட்டாது. போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பதே அவர்களுக்கு இன்றும் விதி.

இ.எஸ்.ஐ.யில் அந்தத் திருத்தம் டெல்லியில்தான் நடக்க வேண்டும், நாளாகும். நிறுவனங்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. 12 நாள் நோய் விடுப்பு என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். அதைத் தாராளமாக்க எந்த முதலாளிக்கும் தடை இல்லை. 'ஊழியருக்கோ, அவர் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினருக்கோ நோய் வந்தால்' என்று விடுப்பு விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு நாள் கூடக் கூட்டித் தர வேண்டாம், இருக்கிற 12 நாளையே உண்மைக் காரணத்தைச் சொல்லி எடுக்க விட்டால் சரி. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இதற்குக் கூட வேண்டியதில்லை. மேலாளரின் கையெழுத்தோடு ஒரு பக்கச் சுற்றறிக்கை, அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஒரு பசை டப்பா.