லைட் கட்டுகிறவர் கையில் என்ன இருக்கிறது?

பிளக் இல்லாத ஒயர். இரண்டு முனையையும் பல்லால் சீவி, சாக்கெட் ஓட்டையில் செருகி, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சியை ஒடித்து அடைப்பார்கள். நம் ஊர்த் திருவிழா மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சமவெளியில் காய்ந்த மண்ணில் இதைச் செய்வதே ஆபத்து. பழனி மலையில், 2,100 மீட்டர் உயரத்தில், பஞ்சுபோல மூடுபனி இறங்கும் புல்தரையில் செய்கிறார்கள்.

இந்த மலையில் மேடைகளுக்குக் குறைவில்லை. மே மாதம் கொடைக்கானலில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும். மேல்மலையில் பூம்பாறை குழந்தை வேலப்பர் தேரோட்டம், மன்னவனூர், கவுஞ்சி ஊர்களில் சாமி கும்பிடு. அடிவாரத்தில் பழனியைச் சுற்றிய கிராமங்களில் பங்குனி, சித்திரை வந்தால் விடிய விடிய வள்ளி திருமண நாடகம். முருகன் வேடன், வேங்கை, கிழவன் என்று வேடம் மாறும்போதெல்லாம் மேடையின் நிறத்தை மாற்றுகிறவர் ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கைத்தட்டல் அவருக்கு இல்லை, போகட்டும். உயிருக்குப் பாதுகாப்பாவது வேண்டாமா?

பெரும்பாலும் மைக் செட் வைத்திருப்பவரே லைட்டும் கட்டுகிறார். கூட இரண்டு பையன்கள். அவர்களுடைய பையில் கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஒரு சுருள் இன்சுலேஷன் டேப். மூங்கில் ஏணியைக் கீழே ஒருவன் பிடிக்க, இன்னொருவன் செருப்புக்கூட இல்லாமல் ஏறி, உலோக உடம்புள்ள பார் லைட்டைக் கம்பத்தில் கட்டுகிறான். பழைய பார் லைட் ஒன்று 1,000 வாட் இழுக்கும். நான்கு போட்டால் 17 ஆம்பியர். வீட்டு விளக்குக்குப் போடுகிற மெல்லிய இரட்டை ஒயர் அதற்குத் தாங்காது, கையை வைத்தால் சுடும். அந்த ஒயரில் எர்த் என்ற மூன்றாவது கம்பியே கிடையாது. லைட்டுக்குள் பேஸ் கசிந்தால், அதைத் தொடுகிறவன் உடம்புதான் எர்த். இப்போது எல்இடி வந்து சுமை குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் மழைக்குத் தாங்காத மலிவு எல்இடிக்குள் பனி ஈரம் இறங்கினால் கதை ஒன்றுதான்.

“எம்சிபி இருக்கே, ட்ரிப் ஆயிரும்” என்பார்கள். ஆகாது. 16 ஆம்பியர் எம்சிபி ஒயரைக் காப்பாற்ற வைத்தது. மனித இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அவ்வளவு சிறிய கசிவு எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. அதை உணர்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை வெட்டுவது ஆர்சிசிபி என்ற கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளிலும் மின்கசிவுப் பாதுகாப்புக்கு இடம் இருக்கிறது. திருவிழாப் பந்தலில் அதை நான் பார்த்தது மிக அபூர்வம்.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். மாநிலமே அதிர்ந்தது. அப்படிக் கூட்டமாகச் செத்தால்தான் செய்தி. ஏணியில் தனியாக ஷாக் அடித்து விழுகிறவன் விஷயம் ஊருக்குள்ளேயே பேசி முடிக்கப்படுகிறது.

லைட் செட்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யார் குறைந்த வாடகை சொல்கிறாரோ அவருக்கே வேலை என்று விழாக் கமிட்டியும் அலுவலகங்களும் நிற்கும்போது, மூன்று கோர் ரப்பர் கேபிளும் ஃபைபர் ஏணியும் சேஃப்டி பெல்ட்டும் வாங்கியவர் தொழிலை விட்டே போக வேண்டியதுதான். வாடகை பேசும்போதே இவற்றுக்கான தொகையைத் தனியாகச் சேர்த்துத் தர வேண்டும். விளக்கு ஒவ்வொன்றுக்கும் கட்டுக் கயிறு போக ஒரு இரும்புச் சங்கிலி, கையுறை, மல்டிமீட்டர், ஈரம் புகாத இண்டஸ்ட்ரியல் பிளக் இவையெல்லாம் ஆடம்பரம் இல்லை, கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி.

மலையில் ஆண்டுதோறும் மேடை போடும் இடங்கள் எவை என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே மின்வாரியமும் உள்ளாட்சியும் சேர்ந்து, முறையாக எர்த் போட்டு, ஆர்சிசிபி வைத்த நிரந்தர மின்பெட்டி ஒன்றை நிறுவலாம். பூம்பாறைக் கோயில் பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் உபகோயில். வசதியுள்ள அந்தத் தேவஸ்தானம், மலைக் கிராமங்கள் வாங்கிப் போய்த் திருப்பித் தரும்படி இரண்டு மூன்று பாதுகாப்புப் பெட்டிகளைப் பராமரித்தால் நல்லது. ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கும் காவல்துறை, அதே கடிதத்தில் ஆர்சிசிபியையும் எர்த்தையும் ஒரு நிபந்தனையாக எழுதலாம்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007-ல் நல வாரியம் வந்தது. அவர்களுக்கு வெளிச்சம் போடுகிறவர்களையும் பொருத்தமான ஒரு வாரியத்தில் பதிந்து, விபத்துக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தொழிலாளர் துறை வத்தலக்குண்டிலும் பழனியிலும் ஒரு நாள் முகாம் போட்டால் இந்த வட்டார லைட்காரர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அடுத்த கோடை சீசனுக்குக் கொடி கட்டுமுன் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் இந்த முகாமுக்குத் தேதி அறிவிக்கட்டும்.